நே-க்கும் நை-க்கும் நடுவில்

போன வாரம் ஒரு காலை, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போனில் ஒரு பட்டியல் வந்தது. அவளுக்குப் பெங்களூரில் பெண் குழந்தை பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. நான் பத்து நாள் கூட இருந்து பத்தியச் சமையல், வெந்நீர், வசம்பு என்று என்னாலானதைச் செய்துவிட்டு, பாக்கியை அவள் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு அடையாறுக்குத் திரும்பியிருந்தேன். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பேபி ஆஃப் திவ்யா' என்றுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் பெயர் தேடவும் ஒரு ஆப் இருக்கிறதாமே, அதிலிருந்து பன்னிரண்டு பெயர்களைப் பொறுக்கி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் பொருள், அது எவ்வளவு பிரபலம் என்பதற்கு ஒரு கோடு, எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் படம்.

ஏழாவது பெயர் நைனா. பொருள்: கண்கள். பிரபலம்: அரிது.

பின்னாலேயே அவள் குரல் வந்தது. "அக்கா, எனக்கு ஏழாவதுதான் பிடிச்சிருக்கு. இவருக்கும் ஓகே. நான்தான் வாழ்நாள் பூரா எஸ். திவ்யாவா கெடந்தேன், கிளாசுக்கு மூணு திவ்யா. இவளாவது கூட்டத்துல தனியா தெரியட்டும். நீ என்ன சொல்ற?"

நான் அந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கினேன். ஒரு பெண் குரல், விமான நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற மாதிரி, 'நேய்னா' என்றது. "தப்பு," என்று வாய்விட்டே சொன்னேன். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். இன்னொரு முறை அமுக்கினேன். மறுபடியும் நேய்னா. அப்படியே எவ்வளவு நேரம் நின்றேனோ, இட்லிப் பானையில் தண்ணீர் சுண்டி அடிப்பிடித்து வாடை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அழுகையோ பதற்றமோ ஒன்றும் வரவில்லை. பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன்.

விஷயம் என்னவென்றால், என் தங்கைக்கு மூன்றே முக்கால் வயது வரைக்கும் நைனா என்பதுதான் பெயர். அது அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அது தெரிந்த நாலு பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாக்கி இருப்பது நான்தான். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இந்த ஒரு வாரமாக முடிவு செய்துகொண்டிருக்கிறேன். முடிவு செய்கிறேன் என்பதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தை. தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மயிலாப்பூரில் இருந்தோம். மயிலாப்பூர் என்றதும் உங்களுக்குக் குளமும் கோபுரமும் ஃபில்டர் காப்பியும் கண்ணுக்கு முன்னால் வந்தால், தயவுசெய்து அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நாங்கள் இருந்தது கச்சேரி ரோட்டைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாகப் போகிற ஒரு சந்தில். நாலு குடித்தனம், ஒரு அடிபம்பு. காற்று திரும்பினால் சாந்தோம் குப்பத்தில் காயும் கருவாட்டின் வாசனை எங்கள் கொடியில் காயும் துணியில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைச் சுளிப்பாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

என் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஒன்றும் குறையாது, எங்கள் வகுப்பில் அதே பெயரில் நாலு பேர் இருந்தோம். டீச்சர் இனிஷியலை மட்டும் சொல்லித்தான் கூப்பிடுவார். எனக்கு 'எஸ்'. அவர் "எஸ்!" என்பார், நான் எழுந்து "யெஸ் மிஸ்" என்பேன், வகுப்பே சிரிக்கும். தினமும் அதே ஜோக்குக்கு எப்படித்தான் சிரித்தார்களோ. ஆக, பெயர் என்று எனக்கு இருந்தது அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றுதான்.

அப்பா ஒரு வங்கியில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அம்மாவும் அதே பக்கம். வங்கி அவரை இரண்டு வருஷம் போபாலுக்கு அனுப்பியிருந்தது. தங்கை பிறக்கிற சமயத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார், ஒரு கம்பளிச் சால்வை, கொஞ்சம் இந்தி, இந்தப் பெயர் ஆகிய மூன்றுடன். மெட்ராஸ் வெயிலில் சால்வைக்கு வேலை இல்லை. இந்தியைப் பேச ஆள் இல்லை. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுப்பார். "நைனான்னு சொல்லாதம்மா. நைக்கு வாய் ரொம்ப விரியுது. நேனாவும் இல்ல. நே-க்கும் நை-க்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாரு, அது." எனக்கு வராது. தமிழில் இல்லாத சத்தத்துக்கு நான் எங்கே போவேன். அவர் சொல்லிக் காட்டுவார், நான் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துவேன், இரண்டு பேரும் சிரிப்போம். எனக்கு ஒருநாளும் என் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை என்பதையும் அப்போதே கவனித்து வைத்திருக்கிறேன். கவனித்து வைப்பதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி.

அம்மாவுக்கு அந்தப் பெயர் 'நயினா' என்றுதான் வந்தது. ஊரில் அது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் நயினார் என்பது ஆம்பளைப் பெயர், தெருவுக்கு ஒருத்தர் இருப்பார். அப்பாவின் சித்தப்பா ஒருவர், 'சிரஞ்சீவி நயினாருக்கு ஆசீர்வாதம்' என்று கார்டு போட்டதோடு நில்லாமல், யாரோ மெட்ராஸ் வருகிறவரிடம் ஒரு சட்டையும் அரை டிராயரும் கொடுத்து அனுப்பினார். டிராயரில் வார் வைத்துத் தைத்திருந்தது. வீணாக்குவானேன் என்று அம்மா அதைத்தான் தங்கைக்கு ஒரு வயது வரை போட்டுவிட்டாள்.

ஊர் அப்படி என்றால் எங்கள் சந்து வேறு மாதிரி. மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நைனா என்றால் அப்பா. அப்பாவை மட்டுமா, சிநேகிதனை, வண்டி ஓட்டுகிறவனை, முன்பின் தெரியாதவனை, சண்டை போடுகிறவனைக்கூட நைனா என்பார்கள். பெரியவன் சின்னப் பையனையும் அப்படித்தான் கொஞ்சுவான். எங்கள் சந்துமுனையில் ரிக்‌ஷா ஸ்டாண்டு. அம்மா வாசலில் நின்று "ஏ நயினா, வெயில்ல போவாத!" என்று கத்தினால் நாலு ரிக்‌ஷாக்காரர்கள் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். ஒருவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னா அக்கா, என்னியா கூப்ட?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

மீன் கொண்டுவருகிற செல்வியக்காதான் முதல்நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"இன்னாமா இது, பொட்டக் கொயந்தைக்கு நைனான்னா பேரு வச்சிகீறீங்க? நாளைக்கி அது பெத்த புள்ள அத்த இன்னான்னு கூப்டும்? அம்மாவா, நைனாவா?"

அப்பா உள்ளேயிருந்து, "அது வேற நைனா, இது வேற நைனா," என்றார்.

"எல்லா நைனாவும் ஒரே நைனாதான் சார்," என்றாள் செல்வியக்கா. வஞ்சிரத்தைத் துண்டு போடக் குனிந்துவிட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பெயரில் அவளுக்கும் ஒரு குறை வந்துவிட்டதே என்று. பத்து வயதுக்காரி அப்படித்தான் இருப்பாள், பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் வைக்கிற அன்று தி. நகரிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவுக்கு அண்ணன், ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் கடை. கையோடு ஒரு டம்ளர் கொண்டுவந்தார், பெயர் வெட்டிய டம்ளர். அந்தக் காலத்தில் பாத்திரம் வாங்கினால் கடை வாசலிலேயே ஒருத்தர் உட்கார்ந்து டர்ர்ரென்று மெஷின் வைத்துப் பெயர் வெட்டிக் கொடுப்பார். பல்லெல்லாம் கூசும். மாமா கடையில் பெயர் வெட்டுகிறவர், "அப்பாவுக்கா முதலாளி? அப்பாவுக்கு இவ்ளோ சின்ன டம்ளரா?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குகிற நேரத்தில் அத்தை, அப்பாவின் அக்கா, "போபால்ல எவளாவது நைனான்னு இருந்தாளோ என்னமோ, யாரு கண்டா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அதற்கும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள், நான் பார்த்தேன்.

தங்கைக்கு இரண்டரை வயதானபோது அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்தது. மறுபடியும் போபால். ஒரு வருஷம்தான், போய்விட்டு வந்துவிடுவேன் என்றார். முதலில் வாரம் ஒரு கடிதம், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மாமா கடையை மூன்று நாள் பூட்டிவிட்டு ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தார்.

"அங்க அவருக்கு வேற குடும்பம் இருக்கு. முன்னாடியே இருந்திருக்கு. வர மாட்டாரு," என்றார்.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ பேரு நயினாவா?"

"இல்ல. சகுந்தலா."

"ம்," என்றாள் அம்மா. சாயங்காலத் தண்ணீர் வருகிற நேரம். குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனாள்.

பாருங்கள், அந்தப் பெயரின் மேல் ஒரு தப்பும் இல்லை. எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை அது. போபாலில் ரேடியோவில் எங்கேயோ காதில் விழுந்து, சத்தம் பிடித்துப்போய் அப்பா தூக்கிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. காரணத்தை அவளே ஒருநாள் சொன்னாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "வீட்டுல அப்பன் இல்ல. வாசல்ல நாள் பூரா 'நைனா நைனா'ன்னு கூப்பாடு. நான் எந்தக் காதை மூட?" அடுத்த வாரம் அந்த டம்ளரை மாமா பழைய பாத்திரங்களோடு எடுத்துக்கொண்டு போனார்.

தங்கைக்கு அந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இருந்தது, ஆனால் அதில் பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடு. அப்போது அப்படித்தான் தருவார்கள், பெயரைப் பிறகு போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா இன்று நாளை என்று போகாமலே இருந்துவிட்டார். சோம்பேறித்தனம் சில சமயம் எவ்வளவு வசதியாகப் போய்விடுகிறது. மாமா மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் 'திவ்யா' என்று சேர்த்துவிட்டு வந்தார். ஏன் திவ்யா என்று நான் கேட்டேன். "தெருவுக்குப் பத்துத் திவ்யா இருக்கா. பதினொண்ணோட இவளும் இருந்துட்டுப் போறா. யாரும் திரும்பிப் பாக்க வேண்டாம்," என்றாள் அம்மா.

காகிதத்தில் மாற்றுவது ஒரு காலை வேலை. குழந்தைக்கு மாற்ற வேண்டுமே. பள்ளிக்கூட இன்டர்வியூவில் முதல் கேள்வியே பெயர்தான். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. "ஏட்டி, நீதான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கணும். எனக்கு வாய் வராது," என்றாள் அம்மா. கோடை விடுமுறை. எனக்குப் பதின்மூன்று வயது, வேறு வேலையும் இல்லை.

நான் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவளைச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பேன். பின்னால் நின்றுகொண்டு ஒருமுறை "திவ்யா" என்பேன், ஒருமுறை "நைனா" என்பேன். திவ்யா என்றால் திரும்ப வேண்டும். நைனா என்றால் திரும்பக் கூடாது. சரியாகச் செய்தால் ஒரு ஆரஞ்சு மிட்டாய். முதல்நாள் அவள் எல்லாவற்றுக்கும் திரும்பினாள், சிரித்துக்கொண்டே. இரண்டாம் நாள் எதற்குமே திரும்பவில்லை. நாலாம் நாள் நைனா என்றதும் அவள் கழுத்து மட்டும் லேசாக அசையும், பிறகு நின்றுவிடும். அசைந்தாலும் மிட்டாய் கிடையாது என்று சட்டத்தைக் கடுமையாக்கினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கழுத்தும் நின்றுவிட்டது. "நைனா யாருக்கா?" என்று இடையில் ஒருதரம் கேட்டாள். "யாரும் இல்ல. அது அப்பாவைக் கூப்பிடுற பேரு," என்றேன். சட்டென்று வாயில் வந்தது அதுதான். சந்தில் எல்லாருக்கும் அது அதுதானே.

ஒரு புதன்கிழமை அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். செல்வியக்கா கூடையோடு வந்தவள், "நைனா, அம்மா உள்ள கீறாங்களா?" என்று கேட்டாள். தங்கை நிமிரவில்லை. "எம்மா நைனா, உன்னத்தான்." நிமிரவில்லை. செல்வியக்கா கூடையோடு குனிந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாமா, கொயந்தைக்கு காது கேக்கலியா? ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போங்க."

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அம்மா. "அவ பேரு திவ்யா."

செல்வியக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். எங்கள் வீட்டு விஷயம் சந்து முழுக்கத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு அவளும் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ரிக்‌ஷாக்காரர்களும் அப்படியே மாறினார்கள். யார் சொன்னார்களோ தெரியாது. மெட்ராஸ்காரர்கள் வாய் தடித்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

இன்டர்வியூ அன்று தங்கைக்கு இரட்டைப் பின்னல், புது கவுன். பள்ளிக்கூடம் எது என்பது வேண்டாம். தலைமை ஆசிரியை மேசைக்கு அந்தப் பக்கம், அம்மாவும் நானும் இந்தப் பக்கம், நடுவில் நாற்காலியில் கால் எட்டாமல் தங்கை.

"வாட் இஸ் யுவர் நேம்?"

"மை நேம் இஸ் திவ்யா."

எனக்கு உயிர் வந்தது. என்னமாய்ச் சொன்னாள், எங்கேயும் தடுக்காமல்.

"வெரி குட். வாட் இஸ் யுவர் ஃபாதர்ஸ் நேம்?"

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவு விளையாட்டு விளையாடினேன், இது என் மண்டையில் உறைக்கவே இல்லை. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாலாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் தலைமை ஆசிரியையைப் பார்த்து, தெளிவாக, "நைனா," என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, மெட்ராஸ்காரர்தான். "நைனான்னா அப்பாதான் கண்ணு. உங்க நைனாக்குப் பேரு என்ன?"

"நைனா," என்றாள் மறுபடியும். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் சொன்னாள். வீட்டில் ஒரு பெயர் இருந்தது, இப்போது அது இல்லை. ஒரு அப்பா இருந்தார், இப்போது அவரும் இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா மடியில் இருந்த சான்றிதழை மேசைமேல் வைத்து, விரலால் அப்பா பெயரைக் காட்டினாள். தலைமை ஆசிரியை அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது. ரிக்‌ஷாவில் திரும்பும்போது அம்மா வெளியே பார்த்தபடியே வந்தாள். தங்கை என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நான் கரெக்டா சொன்னேனாக்கா?" என்றாள். "கரெக்டாச் சொன்னே," என்றேன். மிட்டாய் கேட்டாள். கொடுத்தேன்.

அந்த வருஷமே நாங்கள் மேற்கு மாம்பலத்துக்குக் குடிபோனோம். அப்பா பக்கத்து உறவு அதோடு அறுந்துபோனது. அம்மா மாமா கடையில் பில் போட உட்கார்ந்தாள், நடந்தே போய்வர அதுதான் வசதி. தங்கை திவ்யாவாக வளர்ந்தாள். மூன்று திவ்யாக்களில் ஒருத்தி, எஸ். திவ்யா. கெட்டிக்காரி, வாயாடி, எல்லாருக்கும் பிடித்தவள். அப்பாவைப் பற்றி அவள் ஒருமுறை கேட்டதற்கு அம்மா, "வடக்க போனாரு, வரல," என்றாள். அதோடு சரி.

இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு நாள் தள்ளிப்போட மாட்டேன். அவளைக் கூப்பிட்டு, "அடியே, கேளு, உனக்கு ஒரு காலத்துல என்ன பேரு தெரியுமா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் வீட்டுக்குப் புதிதாகப் போன் இணைப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சமையலறையில், தங்கை தரையில் குப்புறப் படுத்து இந்தியா மேப்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நான் எடுத்தேன். எஸ்.டி.டி. போன்களில் வருமே, முதலில் ஒரு இரைச்சல். பிறகு ஒரு ஆண் குரல்.

"ஹலோ... நைனா இருக்காளா?"

நே-க்கும் நை-க்கும் நடுவில் இருந்தது அது. உலகத்தில் அந்தச் சத்தத்தை அப்படிச் சொல்லத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. நம்பர் எப்படிக் கிடைத்ததோ, ஆறு வருஷம் கழித்துக் கேட்கிறேன், குரல்கூடக் கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது.

அவர் அம்மாவைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம். எனக்கும் ஒரு பெயர் இருந்தது, அவர்தான் வைத்தார், அதைச் சொல்ல ஒரு பயிற்சியும் தேவையில்லை. ஒரு விநாடி காத்திருந்தேன், அடுத்ததாக அதைச் சொல்வாரோ என்று. சொல்லவில்லை. "நைனா இருக்காளாம்மா?" என்றுதான் மறுபடியும் கேட்டார்.

"ராங் நம்பர்," என்றேன். வைத்துவிட்டேன்.

"யாருட்டி?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ராங் நம்பர்மா." "யாரைக் கேட்டாங்க?" என்றாள் தங்கை, தலையைத் தூக்காமல். "யாரையோ," என்றேன். அவள் மத்தியப் பிரதேசத்துக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குக் கத்திரிக்காய் காரக்குழம்பு, இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

அம்மாவுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொறாமையில்தான் செய்தேன். என்னைக் கேட்டிருந்தால் வைத்திருக்க மாட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. சில வருஷம் கழித்து மாமாவுக்குச் செய்தி வந்தது, காரியமெல்லாம் அங்கேயே முடிந்துவிட்டதாம். மாமா சொன்னதைக் கேட்டுக்கொண்ட அம்மா, போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத் தலையோடு அன்றைக்குக் கடைக்குப் போனாள். பிறகு மாமா போனார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் போய்விட்டாள்.

நேற்று ஒரு வேலையாகச் சாந்தோம் போனவள், அப்படியே அந்தச் சந்துக்கும் போனேன். எங்கள் நாலு குடித்தன வீடு இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. பம்பு இல்லை. ரிக்‌ஷா ஸ்டாண்டு இருந்த இடத்தில் சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் பைக்கை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் அங்கே இளநீர் குடிக்கிற சாக்கில் நின்றேன். ஒருவரை ஒருவர் ப்ரோ என்றார்கள், தலைவா என்றார்கள், ஜீ என்றார்கள். ஒருத்தர்கூட நைனா என்று சொல்லவில்லை. இளநீர்க்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் எங்க அப்பா காலம் மேடம்," என்றார். அவர் நைனா என்று சொல்லாமல் அப்பா என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தங்கையே கூப்பிட்டுவிட்டாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"என்னக்கா, ஒரு வாரமா பதிலே காணோம்? ஏழாவது பேரு என்னாச்சு?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உன் பெயர்தான் அது, உன் அப்பா வைத்தது, அவர் ஒருநாள் உன்னைக் கூப்பிட்டார் என்று மூன்று வாக்கியம். மூன்றாவதைச் சொன்னால் நாலாவதையும் சொல்ல வேண்டும்.

"அது வேண்டாம்டி," என்றேன். "நம்ம ஊர்ல நைனான்னா அப்பான்னு அர்த்தம். தெரு பூரா அப்படித்தான் கூப்பிடுவாங்க. நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப நாம இருந்த சந்துல காலைலேருந்து ராத்திரி வரைக்கும் அதே சத்தம்தான்."

"அப்படியா?" அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், எனக்குக் கேட்டது. "இல்லக்கா. அப்படி யாரும் கூப்பிட்டு என் காதுல விழுந்ததே இல்ல."

நான் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.